காரத்துக்கு முந்திய முறை

ஆர்.எஸ்.மங்கலம்,
16.4.2025, சித்திரை 3

மண்டபம் நூர் நிஷா அவர்களுக்குச் சோணையம்மாள் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் சுகம்.

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கோணியைத் தெரியும். வாயை நீல நூலால் நெருக்கித் தைத்திருப்பீர்கள். நேற்றுக் காலை தேவிபட்டினம் பொன்னுச்சாமி மாவு மில்லில் என் மிளகாய் மூட்டைகளை இறக்கும்போது, கல்லில் உங்கள் சத்துமாவு ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் முதல் முறை என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

"ஏலே பொன்னுச்சாமி, என்னடா இது?" என்றேன்.

"அவுகளும் செவ்வாய்தான் கேட்டாக அத்தை. சரின்னுட்டேன்."

"எனக்கும் சரின்னியேடா?"

"ஒங்களுக்கும் சரிதான் அத்தை."

இவனுக்கு 'இல்லை' என்ற சொல் மட்டும் வாயில் முளைக்கவே இல்லை. பங்குனியில் மிளகாய் அரைக்கிற மிஷினின் மோட்டார் காயில் எரிந்துபோனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புது மிஷின் ஆடி கழிந்துதான் வருமாம். அதுவரை மாவுக் கல் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். மிளகாயும் அதில்தான், உங்கள் மாவும் அதில்தான்.

பேத்தி மாரிச்செல்வி, "போன்ல பேசிருங்க அப்பத்தா" என்கிறாள். போனில் பேசிப் பேசித்தான் பொன்னுச்சாமி ஒரே செவ்வாயை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறான். ஐந்தாவதோடு நின்றாலும் எனக்குக் கையெழுத்து உண்டு. எழுதி வைத்தால் யாரும் பின்னால் மாற்றிப் பேச முடியாது.

என் பொடியை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்தே சோணையம்மாள் பொடி என்று சொல்வார்கள். ஆனி மாதம் எங்கள் ஊர்ப் பொங்கலில் கறிச்சோறு அதில்தான் வேகும். நான் இன்னொருவர் கோணிக்குப் பின்னால் காத்து நின்றவள் இல்லை. இதை மில்லுக்குக் கொடுத்தனுப்பி, உங்கள் கோணி வாயில் செருகச் சொல்லியிருக்கிறேன். பதிலையும் அப்படியே மில்லில் வைத்தால் வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வேன்.

வெயிலில் அலையாமல் உடம்பைப் பாருங்கள்.

சோணையம்மாள்


மண்டபம்,
17.4.2025

மரியாதைக்குரிய சோணையம்மாள் அம்மாவுக்கு நூர் நிஷாவின் சலாம். உங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் லேசைக் கொடுக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் என் மகள் மின்ஹாவும் நலம்.

கடிதத்தை முதலில் பயந்துகொண்டு படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது, நீல நூலைக்கூடப் பார்த்திருக்கிறீர்களே என்று சந்தோஷமாக இருந்தது. எட்டு மாதமாக இந்தத் தொழில் செய்கிறேன். என் தையலை யாரும் கவனித்துச் சொன்னதில்லை.

செவ்வாயை நான் விரும்பிக் கேட்கவில்லை அம்மா. என் வீட்டுக்காரர் காஜா நவாஸ் சார்ஜாவில் ஒன்பது வருஷமாக இருக்கிறார். அங்கே கடை வைத்திருக்கும் நம் பக்கத்துக்காரர் சலாஹுதீன் காக்கா, என் சத்துமாவை மூன்று தடவை அனுப்பச் சொல்லியிருக்கிறார். தடவைக்கு நாற்பது கிலோ. மூன்றையும் பிள்ளைகள் விரும்பிக் குடித்தால் மாதா மாதம் எடுத்துக்கொள்வாராம். அப்படி அமைந்தால் இவர் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஜூலை முப்பத்தொன்றில் விசா முடிகிறது. அமையாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மின்ஹாவுக்கு நாலு வயது. ராத்திரி போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் போர்த்திவிட்டு, "வாப்பா தூங்குறாங்க, பேசாதீங்க" என்கிறாள்.

சார்ஜாவுக்குச் சபர் போகிறவர்கள் யாராவது பெட்டியில் இடம் கொடுத்தால்தான் சரக்கு போகும். அவர்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். அதனால்தான் செவ்வாய். உங்கள் மிளகாய் முந்தினால் என் மாவு வீணாகிவிடும். என் மாவு முந்தினால் உங்கள் பொடிக்கு ஒரு குறையும் வராது. அதை மட்டும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

படகெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கட்டிக் கிடக்கிறது. கடலும் தூங்குகிற மாதிரி இருக்கிறது.

துஆவுடன்,
நூர் நிஷா


ஆர்.எஸ்.மங்கலம்,
25.4.2025, சித்திரை 12

நூர் நிஷாவுக்கு, நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். 'நீங்கள்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. என் கடைசி மகளைவிட நீ சின்னவள்.

உன் கடிதத்தை மூன்று நாள் தலைமாட்டில் வைத்திருந்தேன். அது போன் போலத் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. முடிவாகச் சொல்கிறேன். செவ்வாய் ஏழு மணிக்கு உன் மாவு. பத்து மணிக்கு என் மிளகாய். வெள்ளி முழுக்க எனக்கு. கடைசியாகக் காரம் போட்டவர்தான் கல்லைக் கழுவிவிட வேண்டும். அதாவது நான். பொன்னுச்சாமியிடம் இதைத் தாளில் எழுதிக் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டேன். இனி அவன் யாருக்கும் சரி சொல்லத் தேவையில்லை.

கல்லைத் தண்ணீரில் கழுவ முடியாது, தானியத்தை ஓட்டித்தான் காரத்தை எடுக்கவேண்டும் என்பது உனக்கும் தெரியும். ஊரெல்லாம் தவிட்டையோ குருணையையோ ஓட்டுவார்கள். என் பெயரில் குருணை ஓடக் கூடாது. கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த எங்கள் வயல் அரிசி ஐந்து கிலோ, கல் பொறுக்கி, புடைத்து அனுப்புகிறேன்.

பொன்னுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "கழுவுறதுக்கா அத்தை இந்த அரிசி? பொங்கித் திங்கலாமே!"

"கழுவுற தண்ணி கலங்கலா இருந்தா கழுவுனது எப்படிடா வெளுக்கும்?" என்றேன்.

உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. எனக்கே பத்து மணிதான் தோது என்று மில்லில் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

சோணையம்மாள்


மண்டபம்,
9.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு நூர் நிஷாவின் சலாம். முழங்கால் எப்படி இருக்கிறது? மின்ஹாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது ஓடுகிறாள்.

முதல் சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. சலாஹுதீன் காக்காவின் பேரன் ஒரே மூச்சில் இரண்டு கிளாஸ் குடித்தானாம். "உம் பொஞ்சாதி கைக்கு ஒரு சலாம் சொல்லு" என்று காக்கா சொன்னதை இவர் போனில் நாலு தடவை சொல்லிவிட்டார். இவ்வளவு வருஷத்தில் இவர் சிரித்துப் பேசி நான் இப்படிக் கேட்டதில்லை.

மாவில் துளிக் காரம் இல்லை அம்மா. உங்கள் அரிசிதான் காரணம். கழுவின மாவைப் பொன்னுச்சாமி அண்ணன் தன் மாட்டுக்கு வைக்கிறாராம். "ஒங்க ரெண்டு பேருனால எம்மாடு தும்மிக்கிட்டே பால் கறக்குது" என்கிறார்.

இரண்டாவது சரக்கு ஜூன் மூன்றாம் தேதி செவ்வாய் அரைக்கவேண்டும். ஹஜ் பெருநாளுக்கு முந்திய நாட்களில் நான் நோன்பு வைப்பேன். அன்றைக்கு முதல் பஸ்ஸில் கோணிகளை ஏற்றிவிட்டு, மதியத்துக்கு மேல்தான் வந்து எடுப்பேன்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. நேற்றுப் பாலத்தில் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு ஜன்னலில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. உங்கள் முகம் தெரியாததால் எல்லா ஜன்னலிலும் நீங்களே இருந்தீர்கள்.

நூர் நிஷா


ஆர்.எஸ்.மங்கலம்,
23.5.2025, வைகாசி 9

நூர் நிஷாவுக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? இங்கே எல்லோரும் நலம். மாரிச்செல்வி பன்னிரண்டாவதில் ஐந்நூற்று நாற்பது வாங்கியிருக்கிறாள். ஊரில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஜூன் மூன்று உனக்குத்தான். அன்று நான் எட்டு மணிக்கே மில்லுக்குப் போய்விடுவேன், நீ கவலைப்படாதே. இரண்டு பேரும் ஒரே கல்லில் அரைக்கிறோம், ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. நான் போகும்போது உன் மாவு வாசனை மட்டும் இருக்கிறது. வறுத்த கம்பு, பொட்டுக்கடலை, லேசாக ஏலக்காய். கண்ணை மூடினால் என் பிள்ளைகள் சின்ன வயதில் தூங்கிய அறை மாதிரி இருக்கிறது.

நீ காரத்தைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். நாற்பது வருஷமாக மிளகாயை நாக்கில் வைத்தே தரம் பிரிக்கிறவள் நான். எந்த வயல் மிளகாய் என்றுகூடச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பாண்டித்துரை என் கண்ணைக் கட்டிவிட்டுப் பந்தயம் வைத்து மூன்று தடவை தோற்றிருக்கிறான்.

மத்தியானம் களத்தில் மிளகாயைக் காயப்போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்தேன். அந்தச் சிவப்பு முழுவதும் தண்ணீராகி, அதன்மேல் நீ ஒரு வெள்ளைக் கோணியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாய். உன் கால் நனையவில்லை. எழுந்து பார்த்தால் காக்கை மிளகாயைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

நோன்பில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

சோணையம்மாள்


மண்டபம்,
5.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு சலாம். நாளை மறுநாள் பெருநாள். உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் எங்கள் துஆ.

இரண்டாவது சரக்கு இன்று பெட்டி ஏறிவிட்டது. ஒரு ஆச்சரியம் அம்மா. இந்தத் தடவை கேழ்வரகு குறைவாகக் கிடைத்ததால் முப்பத்தாறு கிலோதான் தேறும் என்று பயந்துகொண்டே வந்தேன். காக்கா நாற்பது என்று கறாராகச் சொல்லியிருந்தார். மில்லில் தூக்கிப் பார்த்தால் நாற்பது இருந்தது! "எப்படிண்ணே?" என்றேன். "எல்லாம் கைராசிதான் தங்கச்சி" என்று பொன்னுச்சாமி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோன்பு என்பதால் நான் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. "பாத்தாச்சு, பாத்தாச்சு. பெரிய நாக்கே பாத்தாச்சு" என்றார். அங்கேயே பாக்கெட் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கிளம்பினீர்களாம். பஸ் கொஞ்சம் முந்தியிருந்தால் பார்த்திருப்பேன்.

நூர் நிஷா


மண்டபம்,
18.6.2025

அம்மாவுக்கு சலாம். நலமா? நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

மாவு காரமாக இருந்திருக்கிறது. குடித்த பிள்ளைகள் எல்லாம் அழுதிருக்கின்றன. காக்காவின் பேரன் கிளாஸைத் தட்டிவிட்டு வாயைத் துடைத்துத் துடைத்துக் கன்னம் சிவந்துவிட்டதாம். முப்பது பாக்கெட்டுக்கு மேல் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. "பச்சப்புள்ளைக குடிக்கிறதுடா இது. இதோட போதும்" என்று காக்கா சொல்லிவிட்டார். திரும்பி வந்த பாக்கெட்டுகளை இவர்தான் பொறுக்கிக் கட்டியிருக்கிறார். ஜூலை பத்தாம் தேதி விசாவுக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று சொன்னார். திட்டவில்லை அம்மா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே மில்லுக்குப் போனேன். "என்னண்ணே செஞ்சீங்க? கல்லக் கழுவலையா? என் மாவுல என்ன விழுந்துச்சு?" என்று கத்தினேன். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சு தங்கச்சி" என்றார். எப்படி என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. எத்தனை வருஷப் பழக்கம் அவருக்கு! நீங்கள் நல்ல அரிசி கொடுத்தும் ஒழுங்காக ஓட்டவில்லையா?

இனி அந்த மில் எனக்கு வேண்டாம். உங்களிடம் மட்டும் சொல்லத் தோன்றியது. அதனால் தபாலில் போடுகிறேன்.

நூர் நிஷா


ஆர்.எஸ்.மங்கலம்,
24.6.2025, ஆனி 10

நூர் நிஷாவுக்கு, குழந்தை நலமா? நீ வேளைக்குச் சாப்பிடு.

கடிதம் கிடைத்தது. படித்தேன். இங்கே நேற்று இடி மட்டும் இடித்தது, மழை இல்லை. கண்மாய் காய்ந்து கிடக்கிறது. ஆடுகள் நடுக் கண்மாயில் மேய்கின்றன. மாரிச்செல்விக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

பொன்னுச்சாமியைத் திட்டாதே. அவனும் பிள்ளைகுட்டிக்காரன். மிஷின் என்றால் முன்பின் இருக்கத்தான் செய்யும்.

எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. பிறகு எழுதுகிறேன்.

சோணையம்மாள்


ஆர்.எஸ்.மங்கலம்,
1.7.2025, ஆனி 17

நூர் நிஷாவுக்கு, நீயும் உன் குழந்தையும் நன்றாக இருக்கவேண்டும். என் சுகத்தை இந்தத் தடவை கேட்காதே. முந்தின கடிதத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதியது பொய்.

இதை எழுத ஏழு நாள் ஆகியிருக்கிறது. முதல் மூன்று நாள், எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஜூன் மூன்றாம் தேதி நான் எட்டு மணிக்கு மில்லுக்குப் போனேன். பொன்னுச்சாமி வழக்கம்போல என் அரிசியை ஓட்டிக் கல்லைக் கழுவி, அந்த மாவைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். பிறகுதான் உன் மாவு ஓடியது. அதில் ஒரு குற்றமும் இல்லை. நிறுத்துப் பார்த்தபோது முப்பத்தாறுக்கு மேல் ஏறவில்லை. "நாப்பது வேணும்னுச்சே தங்கச்சி, என்ன செய்யப்போகுதோ" என்று அவன் முணுமுணுத்தான்.

என் அரிசி மாவு பக்கத்தில் வெள்ளையாக இருந்தது. அதை மாட்டுக்கு வைக்க எனக்கு எப்போதுமே மனசு வந்ததில்லை. உனக்குத் தெரியாமல் உன் நாற்பதை நிரப்பிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சிட்டிகை வைத்தேன். தித்திப்பாகக்கூட இருந்தது.

"இதுல காரமே இல்லடா. சேத்துரு" என்றேன்.

"வேணாம் அத்தை, கழுவுன மாவு. புள்ளைக குடிக்கிறது" என்றான்.

"எந்நாக்கு சொல்லுது. ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவன் எனக்கும் 'இல்லை' சொல்லத் தெரியாதவன்தானே. நாலு கிலோவைச் சேர்த்துவிட்டான். ஒரு கோணியில் உன் மாவோடு கலந்து, உன் நீல நூல் மாதிரியே நூல் தேடி வாயை நானே தைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று, மாட்டுக்கு விடாமல் நான் எடுத்துவந்திருந்த மீதி மாவை வீட்டில் கரைத்து மாரிச்செல்வியிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "எரியுது அப்பத்தா" என்று செம்புத் தண்ணீரைத் தேடி ஓடினாள். நான் மறுபடி குடித்துப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷக் காரத்தில் என் நாக்கு எப்போதோ செத்துப்போயிருக்கிறது தாயி. பெரும் காரத்தில் எது பெரிது என்று பிரிக்கத் தெரிகிறது, ஒரு பிள்ளையின் வாய் எரியுமா என்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பொன்னுச்சாமியிடம் போனேன். "ஏண்டா நீ சொல்லல?" என்றேன். "விடுங்க அத்தை, எந்தலையிலயே கெடக்கட்டும். ஒங்க பேரு எதுக்கு" என்றான். அவன் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன். அப்படிச் சொன்ன பிறகு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. முழுவதும் என்னுடையது. உன் வீட்டுக்காரருக்கும் அந்தக் கடைக்காரருக்கும் இதைக் காட்டு. மறைக்காதே. கீழே முழுப் பெயர் போட்டிருக்கிறேன். உன் முறை எப்போது வந்தாலும் அதுவரை என் மிளகாய் அந்தக் கல்லில் விழாது. இருபதாம் தேதியிலிருந்தே நான் அரைக்கவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். பத்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆர்.எஸ்.மங்கலம் கருப்பையா மனைவி சோணையம்மாள்


மண்டபம்,
9.7.2025

அம்மாவுக்கு நூர் நிஷா எழுதுவது.

கடிதம் நாலாம் தேதி வந்தது. படித்தவுடன் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். தெரியாமல் சேர்த்ததற்காக இல்லை. நான் பொன்னுச்சாமி அண்ணனைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, அதற்குப் பிறகும் பதினைந்து நாள் உங்களால் எப்படிச் சும்மா இருக்க முடிந்தது? கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எடுத்து, நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். இவர் கடையில் வைத்து காக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். 'எந்நாக்கு சொல்லுது' வந்த இடத்தில் காக்கா சிரித்துவிட்டாராம். முடிவில், "வியாவாரத்துல தப்ப அடுத்தவன் தலையில தள்ளுறவனைத்தான் இத்தனை காலமும் பாத்திருக்கேன். பேரப் போட்டு எழுதி அனுப்புற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன். இன்னொரு தடவ வரட்டும். அதுவும் சரியில்லைன்னா என்னை யாரும் கேக்கக் கூடாது" என்றாராம்.

இவர் கையெழுத்தை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

பதினைந்தாம் தேதி செவ்வாய் அரைக்கிறேன். பதினேழாம் தேதி மஜீதா மாமி சார்ஜா போகிறார்கள். பொன்னுச்சாமி அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "எனக்கு எதுக்குத் தங்கச்சி" என்று அழுதுவிட்டார். இந்தத் தடவை மாவை மின்ஹா நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அவள் முகத்தைத்தான் நம்பப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூர் நிஷா


ஆர்.எஸ்.மங்கலம்,
16.7.2025, ஆனி 32

நூர் நிஷாவுக்கு, மஜீதா மாமி நல்லபடியாகப் போய் இறங்கவேண்டும். எங்கள் அய்யனாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன். உங்களில் அது கூடாது என்றால் என் கணக்கில் இருக்கட்டும்.

நீ கேட்டது நியாயம். பதினைந்து நாள் எப்படிச் சும்மா இருந்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. பொய் சொல்வதற்குக்கூட இவ்வளவு தெம்பு வேண்டியதில்லை.

திங்கட்கிழமையே மில்லுக்குப் போய்விட்டேன். கல்லைக் கழற்றச் சொல்லித் தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்தோம். உப்பு ஓட்டினோம். தவிடு நாலு தடவை ஓட்டினோம். ஆமாம், தவிடுதான். காரத்தை உறிஞ்ச அதுதான் சரி என்று பொன்னுச்சாமி முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான், நான் காதில் வாங்கவில்லை.

ஊர்ப் பொங்கல் போன வாரம் முடிந்தது. கறிச்சோற்றுக்குக் கடைப் பொடி வாங்கினார்கள். "என்ன அத்தை, ஒங்க மொளகா விரதம் இருக்குதா?" என்று பாண்டித்துரை பந்தியில் வைத்துக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் நாக்கைப் பற்றிய சேதியை அவனிடம் நானே சொன்னேன். அவனால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. கோணிகளில் மிளகாய் நிறம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கிடக்கட்டும்.

ஒன்று சொல்லவேண்டும். நேற்று நீ வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், முக்காடு போட்டுக்கொண்டு யாரோ அரைக்க வந்தவள் போல உட்கார்ந்திருந்தேன். உன் முன்னால் வர முகம் இல்லை.

நீ நான் நினைத்ததைவிடக் குள்ளம். மாவு கொட்டுகிற இடத்தில் வெயில் விழுந்து, பறக்கிற தூள் எல்லாம் தங்கமாக இருந்தது. அதற்குள் நீயும் குழந்தையும் நின்றது, நடப்பதா கனவில் காண்பதா என்று எனக்குப் புரியவில்லை. நீ ஒரு சிட்டிகை எடுத்து அவள் நாக்கில் வைத்தாய். மிஷின் நின்றிருந்தது. அவள் வாயைச் சப்புக் கொட்டினாள். கண்ணை மேலே உருட்டினாள்.

"சீனி போடலையாம்மா?" என்றாள்.

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சோணையம்மாள்


மண்டபம்,
29.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு நூர் நிஷாவின் சலாம். முழங்காலோடு அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இனிமேல் உட்காராதீர்கள்.

நீங்கள் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். உள்ளே வந்ததும் மின்ஹா மூட்டைப் பக்கம் பார்த்து மூன்று தடவை தும்மினாள். எத்தனை தவிடு ஓட்டினாலும் உங்கள் சேலையில் இருந்து மிளகாய் போகாது அம்மா. கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அழுதால் மாவை ஒழுங்காகப் பார்க்க முடியாது என்று பேசாமல் இருந்தேன்.

சரக்கு போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. காக்கா முதல் பாக்கெட்டைத் தானே கரைத்துக் குடித்துவிட்டுப் பேரனுக்குக் கொடுத்தாராம். அடுத்த நாள் அவன் கடைக்கே வந்து கேட்டிருக்கிறான். ஒரு வருஷத்துக்கு மாதா மாதம் எடுத்துக்கொள்வதாகக் காக்கா நேற்று வாக்குக் கொடுத்துவிட்டார். இவர் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மதுரையில் வந்து இறங்குகிறார்.

வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டேன். எதையோ எடுக்கப்போய் எதற்குப் போனேன் என்று மறந்து நிற்கிறேன். தடைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, படகுகள் போகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம்கூட எங்கோ தண்ணீருக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

அடுத்த சரக்கு ஆகஸ்ட் கடைசியில்தான். அதனால் வருகிற மூன்று வாரமும் எனக்குச் செவ்வாயும் வேண்டாம், எந்தக் கிழமையும் வேண்டாம். பொன்னுச்சாமி அண்ணனிடம் சொல்லிச் சுவரில் இருக்கும் தாளை மாற்றச் சொல்லிவிட்டேன். காலை ஏழு மணியிலிருந்து கல் உங்களுடையது. நிறம் இறங்குவதற்குள் எல்லா மிளகாயையும் அரைத்துவிடுங்கள்.

கல்லைக் கழுவவேண்டாம்.

உங்கள் மகள்,
நூர் நிஷா